கால் மட்டும் போதாது, காதும் வேணும்

எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போக ஆசைப்படும் பையனைப் பிடித்து "என்னடே பண்ணுத?" என்று கேட்டால், "ஓடிக்கிட்டு இருக்கேன்" என்றுதான் பதில் வரும். பாளையங்கோட்டை மைதானங்களில் விடிவதற்கு முன்னாலேயே கூட்டம் சேர்ந்துவிடும். நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் நாலுவழிச் சாலையோரத்தில் இருட்டுக்குள்ளேயே நாலைந்து பேராக ஓடுவார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் 60 மதிப்பெண், 10 புல்-அப் எடுத்தால் 40 மதிப்பெண் என்று கணக்கு போட்டு வைத்திருக்கும்போது பையன்கள் காலையும் தோளையும்தான் நம்புவார்கள். எழுத்துத் தேர்வுக்கு ஒரு வினா வங்கிப் புத்தகம் வாங்கி உருப்போடுவார்கள். அத்தோடு தயாரிப்பு முடிந்தது.

அந்த ஓட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. உடம்பு தேறாதவன் உள்ளேயே போக முடியாது. ஆனால் உள்ளே போன பிறகு ஒருவனை மேலே ஏற்றுவதும் கீழேயே நிறுத்திவைப்பதும் வேறு சில விஷயங்கள். அதைப் பற்றி நம் ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை. கேட்கத் தெரிய வேண்டும், பார்க்கத் தெரிய வேண்டும், பார்த்ததையும் கேட்டதையும் சிதையாமல் இன்னொருவரிடம் சேர்க்கத் தெரிய வேண்டும். இது மூன்றும் பயிற்சியால் வருவது. துப்பாக்கி சுடுவதைப் போலவே சொல்லிக்கொடுத்து, திருத்தி, திரும்பத் திரும்பச் செய்யவைத்துத்தான் வரும்.

நான் பாளையங்கோட்டையில் ஆங்கிலத்தில் எம்.ஏ.வும் அப்புறம் பி.எட்.டும் முடித்துவிட்டு, ராணுவத்தில் கல்விப் பிரிவு ஹவில்தாராகச் சேர்ந்தவன். அப்படி ஒரு பிரிவு இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. இந்தியப் படையில் கல்விக்கென்று தனிப் பிரிவு 1921-லேயே தொடங்கிவிட்டது. அதன் பயிற்சிக் கல்லூரி மத்தியப் பிரதேசத்தில் பச்மடி மலையில் இருக்கிறது. அங்கே பயிற்சி முடித்து, ஒவ்வொரு யூனிட்டாகப் போய் ஜவான்களுக்கு இந்தி, ஆங்கிலம், பொது அறிவு, மேப் ரீடிங் என்று பாடம் எடுப்பது என் வேலை. சிப்பாயாகச் சேர்ந்தவன் நாயக், ஹவில்தார் என்று மேலே போக வேண்டுமானால் ராணுவக் கல்விச் சான்றிதழ் தேர்வு, மேப் ரீடிங் தேர்வு எல்லாம் படிப்படியாகத் தாண்ட வேண்டும். நெஞ்சு நிறையத் தைரியமும் எஃகு மாதிரி உடம்பும் உள்ளவர்கள் அந்தத் தேர்வுகளில் வருஷக்கணக்காக நின்றுபோனதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். அவர்களில் நம் பக்கத்துப் பையன்கள் கணிசமாக இருந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம். ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்து மாடியில் வகுப்பு எடுப்பதற்கு அதுதான் காரணம்.

முதலில் இந்தி. இந்தப் பேச்சை எடுத்ததும் சண்டை வரும் என்று தெரியும், அதனால் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் எந்த மொழி இருக்க வேண்டும் என்பதில் நான் தமிழ்நாட்டின் பக்கம்தான் நிற்கிறேன், அதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. ஆனால் பட்டாளத்தில் பயிற்சி நடப்பது இந்தியில். நாகாலாந்துக்காரனும் நாங்குநேரிக்காரனும் ஒரே பதுங்குகுழியில் படுத்துக் கிடக்கும்போது இருவருக்கும் பொதுவாக ஒரு பேச்சு வேண்டும், அந்தப் பேச்சு அங்கே இந்தி. போகப் போகிறவன் கொஞ்சம் கற்றுக்கொண்டு போனால் அவனுக்குத்தான் லாபம்.

2025-லிருந்து அக்னிவீர் பொது நுழைவுத் தேர்வை தமிழிலும் எழுதலாம் என்று வந்திருக்கிறது. மொத்தம் 13 மொழிகள். அதற்கு முன்பு ஆங்கிலமும் இந்தியும்தான். மிக நல்ல மாற்றம், வரவேற்கிறேன். கிராமத்துப் பையன் கணக்கைத் தெரிந்துவைத்திருந்தும் கேள்வி புரியாமல் தோற்றுக்கொண்டிருந்தான், அது நின்றது. அதே நேரம் "இனிமே மொழிப் பிரச்சினை இல்ல தம்பி, தைரியமா வா" என்று சில பயிற்சி மையங்கள் பிள்ளைகளைச் சேர்ப்பதைப் பார்க்கிறேன், அது சரியில்லை. வாசலைத் தாண்டும்வரைதான் தமிழ். வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்கோ பெங்களூரில் உள்ள பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸுக்கோ போனால் சுற்றிலும் தென்னாட்டுக்காரர்கள் இருப்பார்கள், பயிற்சி தரும் உஸ்தாதே ஒரு வார்த்தை தமிழில் சொல்லிப் புரியவைப்பார். பீரங்கிப் படை என்று நாசிக் போனவனுக்கோ, தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸ் என்று ஜபல்பூர் போனவனுக்கோ அந்தச் சலுகை கிடையாது.

டிரில் கட்டளைகள் பெரிய விஷயமில்லை. சாவ்தான், விஷ்ராம், தாஹினே முட், பீச்சே முட் எல்லாம் சீக்கிரமே உடம்புக்குள் இறங்கிவிடும். பக்கத்தில் நிற்பவன் திரும்புவதைப் பார்த்து அரை நொடி தாமதமாகத் திரும்பும் பையன் கூட கொஞ்ச நாளில் சரியாகிவிடுவான். சிக்கல் வகுப்பறையில்தான் ஆரம்பிக்கும். ஆயுதத்தைக் கழற்றிப் பூட்டும் வரிசையை உஸ்தாத் கையால் செய்துகாட்டும்போது நம் பையன் மளமளவென்று செய்துவிடுவான். "இப்போ இதையே வாயால் விளக்கு" என்றால் நின்றுவிடுவான். ஏன் இந்தப் பாகம் முதலில், எந்த இடத்தில் கவனிக்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும், சொல்லத்தான் வாய் வராது. "பையன் நல்லவன், வேலைக்காரன், பேசமாட்டான்" என்று அவன்மேல் ஒரு முத்திரை விழும். அப்புறம் ரோந்து போய்த் திரும்பினால் அறிக்கை சொல்ல அவனைக் கூப்பிட மாட்டார்கள். அவன் கண்ணால் கண்டதை இன்னொருவன் வாயால் சொல்வான். பெயரும் அந்த இன்னொருவனுக்குத்தான்.

அதனால் என் வகுப்பில் இந்தியை இலக்கணமாக எடுப்பதில்லை. எண்களில் ஆரம்பிக்கிறேன். தமிழில் பத்து வரைக்கும் தெரிந்தால் நூறு வரைக்கும் கட்டிக்கொண்டே போகலாம். இந்தியில் 1 முதல் 100 வரை ஏறக்குறைய ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். 49 உன்சாஸ், 59 உன்சட், 69 உன்ஹத்தர், 79 உன்னாசி. காற்றடிக்கும் மைதானத்தில் ஒருவர் கத்திச் சொல்லும்போது இது நாலும் ஒன்றுபோலவே காதில் விழும். எத்தனை மீட்டர், எத்தனை ரவுண்டு, எத்தனை பேர் என்பதில் பத்து கூடினாலும் குறைந்தாலும் பட்டாளத்தில் அது சின்னத் தப்பில்லை. இதற்கு நான் கண்ட வழி கிரிக்கெட். மேட்சை இந்தி வர்ணனையில் வைத்து, திரையைப் பார்க்கவிடாமல், ஸ்கோரையும் பந்துக் கணக்கையும் மட்டும் தாளில் எழுதச் சொல்வேன். முதல் மேட்சில் தாள் முழுக்க அடித்தல் திருத்தலாக இருக்கும். ஒரு சீசன் முடிவதற்குள் பையன்கள் வர்ணனையாளர் தப்பாகச் சொன்ன ஸ்கோரையே பிடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். காது பழகிவிட்டால் வாய் தானாக வரும். நாமோ பள்ளிக்கூடத்தில் இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம்.

அடுத்தது பார்க்கிற பயிற்சி. என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், ஒரு பொருள் ஏன் கண்ணில் படுகிறது என்று ஃபீல்ட் கிராஃப்ட்டில் ஒரு பாடமே உண்டு. வடிவம், நிழல், பளபளப்பு, வானத்தை ஒட்டித் தெரியும் உருவக்கோடு, மேற்பரப்பு, இடைவெளி, அசைவு என்று காரணங்களை அடுக்குவார்கள். ஒளிந்துகொள்வதற்கும் அது உதவும், ஒளிந்திருப்பவனைக் கண்டுபிடிப்பதற்கும் உதவும். தட்டில் பத்திருபது சாமான்களை வைத்து, ஒரு நிமிஷம் காட்டிவிட்டுத் துண்டால் மூடி, என்னென்ன இருந்தது என்று எழுதவைக்கும் விளையாட்டும் உலகம் முழுக்கப் படைகளில் உண்டு. நானும் வைக்கிறேன். "ஒரு சாவி" என்று எழுதினால் பாதி மதிப்பெண்தான். "பித்தளைச் சாவி, காது வளைந்தது, சிவப்பு நூல் கட்டியது" என்று எழுதினால் முழு மதிப்பெண்.

ஆனால் உளவுத் தகவல் என்பதன் உயிர் அதற்கடுத்த படியில் இருக்கிறது. கண்டதையும் நினைத்ததையும் பிரித்துச் சொல்வதுதான் அது. இதைப் புரியவைக்க எனக்கு உதவியது எங்கள் ஆற்றங்கரைதான். சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து வரும் பையன் ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்ததுமே, "சார், இன்னைக்கு மணல் கடத்துற லாரி ஒண்ண பாத்தேன்" என்றான். நான் விடவில்லை.

"மணல பாத்தியால?"

"இல்ல சார், தார்ப்பாய் போட்டு மூடியிருந்துச்சு."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

"பின்னால தண்ணி ஒழுகிக்கிட்டே போச்சு. டயர் நல்லா அமுங்கியிருந்துச்சு."

"மணி என்ன?"

"காலம்பற அஞ்சுக்குள்ள இருக்கும். நான் ஓடிட்டுத் திரும்பிக்கிட்டு இருந்தேன்."

"எந்தப் பக்கம் போச்சு?"

"பாலத்தத் தாண்டி வடக்க."

"நம்பர்?"

"சேறு அப்பியிருந்துச்சு சார். கடைசி ரெண்டு நம்பர் மட்டும் தெரிஞ்சுது." அந்த இரண்டையும் சொன்னான்.

பாருங்கள், பையனின் கண் எவ்வளவு கூர்மை! ஓடிக்கொண்டே போகிறவன் அரையிருட்டில் டயர் அமுங்கியிருப்பதைக் கவனித்திருக்கிறான், சேற்றுக்குள் இரண்டு எண்ணைப் படித்திருக்கிறான். ஆனால் அவன் சொன்ன முதல் வாக்கியத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. அவன் கண்ட அத்தனையும் மறைந்துபோய் அவன் முடிவு கட்டியது மட்டும்தான் வெளியே வந்தது. தூத்துக்குடியிலிருந்து ஐஸ் போட்டு வரும் மீன் லாரியிலும் தண்ணீர் ஒழுகும், பாரமும் இருக்கும். அது மணலாகவே இருக்கலாம், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் இதே மாதிரி இன்னும் நாலு பேர் சொன்ன தகவல் இருக்கும், எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவர் வேலை. பையன் தன் முடிவை மட்டும் அனுப்பினால் அவர் கைக்கு ஒன்றும் போய்ச் சேராது.

அன்றைக்கு வகுப்பில் எல்லோரையும் அந்த லாரியை எழுதவைத்தேன். எப்போது, எங்கே, என்ன கண்டாய், எதை நோக்கிப் போனது. ஒரு கோடு போட்டு அதற்குக் கீழே, "நான் நினைப்பது." கோட்டுக்கு மேலே உள்ளதில் நினைப்பு கலக்கக் கூடாது. சொல்வதற்கு எளிது, செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். "சந்தேகப்படும்படி நின்றான்" என்று எழுதுவார்கள். எப்படி நின்றான் என்று எழுது, சந்தேகப்படுவதா வேண்டாமா என்று படிக்கிறவர் பார்த்துக்கொள்வார் என்று அடித்துத் திருத்துவேன்.

இதற்கு மேலே இன்னொரு படி இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து பரவி இன்று பல நாட்டுப் படைகள் கையாளும் முறை அது. தகவல் தந்தவர் எவ்வளவு நம்பத்தக்கவர் என்பதற்கு ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்து, தகவல் எவ்வளவு உறுதியானது என்பதற்கு 1 முதல் 6 வரை ஓர் எண். இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டும் என்பதில்தான் இதன் அருமை இருக்கிறது. டீக்கடை அண்ணாச்சி ஊரிலேயே பொய் சொல்லாத மனுஷனாக இருக்கலாம், ஆனால் அவர் சொல்வது மூன்று வாய் தாண்டி வந்த வதந்தியாக இருக்கலாம். எந்நேரமும் குடித்துவிட்டுத் திரிபவன் என்று பெயர் எடுத்தவன் தன் கண்ணால் பார்த்ததைச் சொல்லியிருக்கலாம், அது இன்னொரு இடத்திலிருந்து வந்த தகவலோடு அப்படியே பொருந்தியும் போகலாம். ஆளை நம்புவதும் சேதியை நம்புவதும் ஒன்று என்றே பழகிய நமக்கு இதைப் பிரித்துப் பார்க்கவே பயிற்சி வேண்டியிருக்கிறது. பட்டாளத்துக்கே போகாதவர்கள் கூட, வாட்ஸ்அப்பில் வரும் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் மனசுக்குள் போட்டுப் பார்க்கலாம்.

காது இல்லாத படைக்கு என்ன ஆகும் என்பதற்கு நாம் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. பாளையங்கோட்டைக்கே வருவோம். 1799-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டு, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கும்பினியார் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அவர் தம்பி ஊமைத்துரையும் மற்றவர்களும் பாளையங்கோட்டைச் சிறையில். 1801 பிப்ரவரி 2 அன்று இரவு வெள்ளை அதிகாரிகள் எல்லாம் மேஜர் மெக்காலே வீட்டில் விருந்துக்குக் கூடியிருந்த நேரத்தில், மாறுவேடத்தில் வந்த ஆட்களின் துணையோடு கைதிகள் தப்பித்துப் போனார்கள். சில நாட்களில் கும்பினியார் படை திரட்டிக்கொண்டு பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனால், இடித்த இடத்தில் மறுபடி கோட்டை நிற்கிறது! அந்தப் படையில் இருந்த வெல்ஷ் என்ற அதிகாரி பிற்பாடு எழுதிய நினைவுக் குறிப்புகளில் அந்தத் திகைப்பைப் பதிவு செய்திருக்கிறார். ஆயிரக்கணக்கான ஆட்கள் கூடியிருக்கிறார்கள், மண் சுமந்திருக்கிறார்கள், சுவர் எழுப்பியிருக்கிறார்கள். பாளையங்கோட்டைக் கோட்டைக்குள் இருந்தவர்கள் காதில் ஒரு சொல் விழவில்லை. ஊர் முழுக்கத் தெரிந்த சேதி அது. ஊர் அவர்களோடு பேசவில்லை, ஊர் தங்களுக்குள் பேசியதைக் கேட்கவும் அவர்களுக்கு ஆள் இல்லை. ஊமைத்துரை பேச முடியாதவர், சைகையாலேயே தன் ஆட்களை நடத்தினார் என்பதையும், வைக்கோல் துரும்புகளை உள்ளங்கையில் வைத்து அவைதான் வெள்ளையர் என்று காட்டி மறு கையால் துடைத்துத் தள்ளுவார் என்பதையும் வெல்ஷே எழுதியிருக்கிறார். வாய் பேசாத தலைவருக்கு ஊரின் காதெல்லாம் சொந்தமாக இருந்தது, பீரங்கி வைத்திருந்தவர்களுக்கு ஒரு காதும் இல்லை.

அதன் பிறகு கும்பினியும் பாடம் படித்தது. 1812-இல் கும்பினி அதிகாரி எல்லிஸ் முயற்சியில் சென்னைக் கோட்டைக் கல்லூரி தொடங்கி, புதிதாக வரும் இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் முறையாகக் கற்றுக்கொடுத்தார்கள். படை அதிகாரிகளும் சிப்பாய்களின் மொழியில் தேர்வு எழுதித் தேற வேண்டும் என்ற வழக்கம் பிரிட்டிஷ் ராணுவத்தில் வேரூன்றியது. ஆள வந்தவர்கள் ஆளுவதற்காகக் கற்றார்கள் என்பது வேறு விஷயம். மொழி ஓர் ஆயுதம் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

இப்போது 1987. இதை எழுதும்போது எனக்குக் கை கனக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். ஜூலை 29-இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது, மறுநாளே நம் படை யாழ்ப்பாணத்தில் இறங்கத் தொடங்கியது. போன பட்டாளங்களில் பெரும்பாலானவற்றில் தமிழ் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். சரியான வரைபடங்கள் இல்லை. அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கிய சீக்கிய இலகு காலாட்படையின் பிளட்டூனில் 30 பேரில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். நம் பக்கத்து வயர்லெஸ் பேச்சைப் புலிகள் முன்பே ஒட்டுக்கேட்டுக் காத்திருந்தார்கள் என்றுதான் பிறகு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதே மாதம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் கொல்லப்பட்டார்கள், அதையும் மறைக்க முடியாது. 1990 மார்ச்சில் கடைசிப் பட்டாளம் திரும்பும்போது நம் பக்கத்தில் மட்டும் சுமார் 1,200 பேர் போய்விட்டார்கள். 1987 நவம்பரில் இறந்து பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் பரமேஸ்வரன் ஒரு தமிழர், பரங்கிமலையில் பயிற்சி பெற்றவர். மொழி தெரிந்திருந்தால் எல்லாம் சரியாக முடிந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அரசியலில் தப்பாக எடுத்த முடிவை இலக்கண வகுப்பு சரிசெய்யாது. ஆனால் தினசரி நடந்த பல சாவுகளும் அவமானங்களும் ஒரு வார்த்தை புரியாததால் நடந்தவை.

எங்கள் ஊரில் அங்கே போய்வந்த பெரியவர் ஒருவர் இருந்தார். சிக்னல்ஸில் லைன்மேன். வடக்கத்திப் பட்டாளம் ஒன்றோடு ஒட்டவைத்து அனுப்பினார்கள். தமிழ் பேசுகிற ஆள் என்று தெரிந்ததும் ஒயர் இழுக்கும் வேலையை விட்டுவிட்டு ரோந்துக்கு மொழிபெயர்ப்பாளராக்கிவிட்டார்கள். அதற்கென்று அவருக்கு ஒரு மணி நேரப் பயிற்சிகூடக் கிடையாது. அவர் என்னிடம் சொன்ன ஒரு சம்பவத்தை என் வகுப்பில் ஒவ்வொரு அணிக்கும் சொல்கிறேன்.

ஒரு வளவில் வயதான அம்மா ஒருத்தர் தனியாக இருந்திருக்கிறார். இளம் அதிகாரி, "இந்தப் பக்கம் யாராவது வந்தார்களா என்று கேள்" என்றிருக்கிறார். பெரியவர் கேட்டதும் அந்த அம்மா நிறையப் பேசியிருக்கிறார். மகன் கொழும்புக்குப் போய்ச் சேதி இல்லை, கூரை பிய்ந்துபோச்சு, வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்க ஆளில்லை, மேற்கே உள்ள பொதுக் கிணற்றுக்கு இரண்டு மூன்று நாளாக ஒருவரும் போவதில்லை, தானும் போகவில்லை, காலும் வீங்கியிருக்கிறது. அத்தனையையும் கேட்டுவிட்டு இவர் அதிகாரியிடம், "யாரும் வரலையாம் சாப்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். வீட்டுக் கஷ்டத்தை எல்லாம் எதற்குச் சொல்வது என்று நினைப்பு. ராத்திரி முகாமில் படுத்திருக்கும்போதுதான் உறைத்திருக்கிறது, வெயில் காலத்தில் ஊரே ஏன் ஒரு கிணற்றுக்குப் போகாமல் இருக்கிறது? எழுந்து போய் ஹவில்தாரிடம் சொன்னார். மறுநாள் அந்த வழியை விட்டு வேறு வழியில் போனார்கள். அங்கே கண்ணிவெடி இருந்ததா இல்லையா என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

எனக்கு இந்தச் சம்பவம் முக்கியமாகப் படுவதற்குக் காரணம், அவர் பிறவித் தமிழர் என்பதுதான். அந்த அம்மா சொன்னதில் அவருக்குப் புரியாதது ஒன்றுமில்லை. யாழ்ப்பாணப் பேச்சு முதல் சில நாள் காதில் புதிதாக விழுந்ததாம், நம் தென்கோடித் தமிழ் பழகிய காதுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டதாம். அப்படியும் முக்கியமான சேதி அவர் வாயோடு நின்றுபோனது. மொழி தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டினது மாதிரிதான். மற்றவர் சொன்னதைச் சுருக்காமல், கூட்டாமல், தேவையில்லை என்று தானே தள்ளிவிடாமல் கேட்டபடி சேர்ப்பது தனித் திறமை. எங்கோ ஒருவருக்குத் தாய்மொழி என்பதற்காக அவரைப் பிடித்து மொழிபெயர்ப்பாளராக நிறுத்திவிடுவது அவருக்கும் ஆபத்து, அவரை நம்பிப் போகிறவர்களுக்கும் ஆபத்து.

இதை முறையாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கா 1941 நவம்பர் 1-ஆம் தேதி, பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு ஐந்து வாரம் முன்பு, சான் பிரான்சிஸ்கோவில் பழைய விமானக் கொட்டகை ஒன்றில் ஜப்பானிய மொழிப் பள்ளியை ரகசியமாகத் தொடங்கியது. முதல் அணியில் 60 பேர், ஏறக்குறைய எல்லோரும் அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினர். வீட்டில் ஜப்பானிய மொழி பேசியவர்களுக்கே ராணுவச் சொற்கள், கையெழுத்துப் படிப்பது, கைதியிடம் விசாரிப்பது எல்லாவற்றையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்கள் குடும்பங்களைத் தடுப்பு முகாம்களில் அடைத்த அதே அரசுக்காக அவர்கள் வேலை பார்த்தார்கள் என்பதை நினைத்தால் மனசு பிசைகிறது. போர் முடிவதற்குள் சுமார் 6,000 பேர் அந்தப் பள்ளியில் தேறினார்கள். அதன் வாரிசுதான் இன்று கலிஃபோர்னியாவில் மான்டெரேயில் இருக்கும் ராணுவ மொழிக் கழகம். அங்கே ஆங்கிலம் பேசுகிறவருக்கு ஸ்பானிஷ் 36 வாரம், சீனம், அரபு, கொரியன், ஜப்பானியம் ஒவ்வொன்றும் 64 வாரம். ஒரு வருஷத்துக்கும் மேலாக அவருக்கு அதுதான் முழுநேர வேலை. "முப்பது நாளில் மொழி" என்ற புத்தகங்களை நம்புகிறவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

நம்மிடமும் இல்லாமல் இல்லை. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் டெல்லியில் அயல்மொழிப் பள்ளி 1948-லிருந்து நடக்கிறது. சீனம், ரஷ்யன், அரபு, பாரசீகம், பர்மியம், சிங்களம் என்று பல மொழிகள். புனேயில் ராணுவ உளவுப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. சீன எல்லையில் சுஷூல், நாதுலா, பும்லா போன்ற சந்திப்பு முனைகளில் இரண்டு படை அதிகாரிகளும் உட்கார்ந்து பேசும்போது நடுவில் மொழி தெரிந்த ஆள்தான் எல்லாம். கல்வான் மோதலுக்குப் பிறகு இதில் வேகம் கூடியிருக்கிறது. 2023-இல் தேஜ்பூர் பல்கலைக்கழகத்தோடு ராணுவம் ஒப்பந்தம் போட்டு 16 வாரச் சீன மொழி வகுப்பு தொடங்கினார்கள், பிராந்திய ராணுவத்திலும் சீனம் தெரிந்தவர்களைச் சேர்த்தார்கள். நல்ல தொடக்கம், ஆனால் மேலே சொன்ன 64 வாரத்தோடு ஒப்பிட்டால் இன்னும் போக வேண்டிய தூரம் தெரியும்.

எனக்கு ஆதங்கம் எல்லாம் நம் பக்கத்தைப் பற்றித்தான். நெல்லைச் சீமையில் எந்த ஊருக்குப் போனாலும் பட்டாளத்து வீடு ஒன்றாவது இருக்கும். விஜயநாராயணத்தில் கட்டபொம்மன் பெயரிலேயே கடற்படையின் தகவல் தொடர்பு நிலையம் 1990-லிருந்து இருக்கிறது. கடலுக்கடியில் போகும் நீர்மூழ்கிக் கப்பலுக்குச் சேதி அனுப்பும் இடம். அந்தக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டே வள்ளியூர் பஸ்ஸில் போகிற பிள்ளைகளுக்கு, கேட்பதும் அனுப்புவதும் படையில் எவ்வளவு பெரிய வேலை என்று சொல்ல ஆள் இல்லை. பையன் பட்டாளத்துக்குப் போகிறான் என்றால் துப்பாக்கி தூக்கப் போகிறான் என்று மட்டும்தான் வீட்டில் நினைக்கிறார்கள். பி.ஏ. வரலாறு, எம்.ஏ. மொழியியல் படித்த பிள்ளைகள் தங்களுக்கும் படைக்கும் சம்பந்தமே இல்லை என்று இருந்துவிடுகிறார்கள். கல்விப் பிரிவுக்குப் பி.எட். முடித்தவர்களை எடுக்கிறார்கள் என்று சொன்னாலே ஆச்சரியப்படுகிறார்கள்.

போன வருஷம் என்.சி.சி. 'சி' சான்றிதழ் வைத்திருக்கும் ஒரு பிள்ளை வகுப்புக்கு வந்தது. உவரிப் பக்கம், அப்பா கடலுக்குப் போகிறவர். எல்லை தாண்டினார்கள் என்று பிடிபட்டுப் போன படகுகளைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்த பிள்ளை. பரங்கிமலையில் அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் ஓ.டி.ஏ.வுக்கு முயற்சி செய்யணும், முடியாட்டி கடற்படை என்று தெளிவாக இருந்தது. "எல்லாரும் இந்தி படிக்காங்க சார், நான் சிங்களமும் சேத்துப் படிக்கட்டுமா?" என்று கேட்டது. எனக்கு அப்படியொரு சந்தோஷம். எனக்குச் சிங்களம் தெரியாது, ஆனால் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியும். எழுத்தை இப்போதைக்கு விடு, இலங்கை வானொலிச் செய்தியைப் போனில் வைத்து, ஒரே செய்தியைக் காலையிலும் ராத்திரியும் கேள், முதலில் எண்கள், அப்புறம் ஊர்ப்பெயர்கள், அப்புறம் நேரம், கிழமை. கேட்டதை நோட்டில் தமிழ் எழுத்திலேயே எழுது, புரியாத இடத்தைக் காலியாக விடு, யூகித்து நிரப்பாதே. காலியாக விட்ட இடத்தை ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கேள். கொழும்பில் சொந்தக்காரர்கள் இருக்கிற ஒரு குடும்பம் எங்கள் தெருவில் இருக்கிறது, அந்த வீட்டு ஆச்சிக்குச் சிங்களம் தண்ணீர் பட்டபாடு. வாரம் ஒரு தடவை நோட்டைக் கொண்டுபோய் ஆச்சியிடம் காட்டித் திருத்திக்கொள்கிறது. எண்கள் பிடிபட்டுவிட்டன. இப்போது மீனவர்களுக்கான வானிலை அறிக்கைக்கு வந்திருக்கிறது, காற்றின் திசை சொல்லும் இடத்தில் மட்டும் இன்னும் காலி விழுகிறது என்று போன ஞாயிற்றுக்கிழமை நோட்டைக் காட்டியது.